பங்குபோட்ட நிரை

ஜெசிந்தினி டீச்சரின் முகத்தை நான் முதலில் பார்த்தது ஒரு பேனரில். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு ஏறும் பாதையின் கடைசி வளைவில், தேர்தலுக்காக நட்ட மரச்சட்டம் இன்னும் பிடுங்கப்படாமல் நின்றது. தேர்தல் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வேட்பாளர் இருந்த இடத்தில் இப்போது சேலை கட்டிய ஒரு பெண், அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் இருப்பதைப் போல் முறைத்துக்கொண்டிருந்தார். 'எமது தோட்டத்தின் கணித தீபமே, வாழ்த்துகிறோம்' என்று மேலே. கீழே ஒரு சூத்திரம். அதில் ஓர் அடுக்கெண் விடுபட்டுப் போயிருந்தது என்று பிறகு அவரே சொன்னார்.

அது 2024 செப்டெம்பர் 28, சனிக்கிழமை. ஆறு வருடம் வெளிநாடுகளில் அலைந்துவிட்டு நான் பதுளைக்குத் திரும்பியிருந்தேன். ஒரு சிறு சஞ்சிகைக்காக இந்தப் பக்கத்து மனிதர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் உட்காரத் தெரியாத எனக்கு, ஏழு வருடம் ஒரே கேள்வியோடு உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்க்க ஆசையாக இருந்தது.

ஜெசிந்தினிக்கு முப்பத்தாறு வயது. பசறையில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறார். அம்மா நேசராணி இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறார். இருவரும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில்தான் இருக்கிறார்கள். பின்பக்கம் ஓர் அறையும் குசினியும் இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். டீச்சரின் மேசை குசினியில்தான். ஒரு முனையில் தேங்காய் துருவி, மறுமுனையில் பல்கலைக்கழகப் பட்டத்துக்கான ஆய்வுக் கட்டுரையின் மூன்று பிரதிகள். கடும் நீல அட்டை, பொன்னெழுத்து. முதல்நாள்தான் பதுளையில் கட்டி வாங்கி வந்திருந்தார்.

"திங்கக்கிழம குடுக்கணும் தங்கச்சி. முப்பதாந் தேதி. மூணு தடவ தவணை நீட்டிட்டாங்க. இனி நீட்ட மாட்டாங்கன்னு கடிதமே வந்துருச்சு."

"குடுக்காட்டி?"

"பதிவு போயிரும். ஏழு வருஷமும் போயிரும்."

அவர் ஆராய்ந்தது முடிவுள்ள புலங்களின், அதாவது எண்ணி முடிக்கக்கூடிய எண் தொகுதிகளின், மேல் அமைந்த ஒருவகைச் சார்புகளை. நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஒரு பெரிய பட்டியல்னு வச்சுக்கங்க. எண் ஒண்ணு உள்ள போகும், வேற எண் வெளிய வரும். பேங்க் கார்டுலயும் போன்லயும் ரகசியத்தப் பூட்டுறதுக்கு இந்த மாதிரிப் பட்டியல்தான். திருடன் என்னா செய்வான்? உள்ள போறத ஒரே அளவுல நகத்தி நகத்திப் பாப்பான். வெளிய வர்றதும் ஒரே அளவுல நகந்தா மாட்டிக்கிட்டோம். நேர்கோடு மாதிரி நடக்கிற சார்பு எல்லாம் அப்படி மாட்டிக்கும். அதனால நேர்கோட்டுக்குக் கொஞ்சமும் படியாத சார்பு வேணும்."

"எவ்வளவு படியக்கூடாது?"

"அதுதான் கேள்வி."

இந்தப் புலத்தில் கூட்டல் வேறு மாதிரி. எந்த எண்ணையும் இரண்டு முறை கூட்டினால் அது மறைந்துபோகும். ஆகவே இங்கிருந்து அங்கே போவதும், அங்கிருந்து இங்கே வருவதும் ஒரே நகர்வு. நகர்த்தும் அளவு ஒவ்வொன்றையும் ஒரு திசை என்பார்கள். ஒரு திசையில் நகர்த்தி, வெளியே வருவது எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கும்போது எந்த விடை வந்தாலும் அது சோடியாகத்தான் வரும். எனவே இரண்டு என்பதே மிகக் குறைந்தது. எல்லாத் திசையிலும், எந்த விடையும் இரண்டு முறைக்கு மேல் வராத சார்புகள் அபூர்வம். அப்படியான ஒரு சூத்திரத்தைத்தான் ஜெசிந்தினி பிடித்திருந்தார். சிறிய புலங்களில் அது சரி என்று வீட்டிலேயே சோதித்துவிட்டார். எல்லாப் புலத்துக்கும் நிறுவுவதில் ஓர் இடைவெளி இருந்தது. "பெரிய புலமொன்றில் ஒருமுறை முழுமையாகச் சோதித்துக் காட்டுங்கள், மீதியை ஊகமாக எழுதலாம்" என்று அவருடைய ஆய்வை மேற்பார்வை செய்யும் பேராசிரியர் நல்லையா சொல்லியிருந்தார். பெரிய புலம் என்றால் பத்து லட்சத்துக்கு மேல் எண்கள், பத்து லட்சத்துக்கு மேல் திசைகள்.

அதற்காகப் பாடசாலைக் கணினி அறையை ஏழு வார இறுதிகள் கேட்டு வாங்கினார். எட்டுப் பழைய கணினிகள், சுவரோரமாக வட்டமாய். கணினி ஆசிரியர் றொமேஷ் சாவியைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காமல் கூடவே வந்து உட்கார்ந்தார். டீச்சர் தானே கற்று எழுதிய நிரல், மெதுவாகத்தான் ஓடும். திசைகளை எட்டாகப் பிரித்துக் கணினிக்கு ஒரு பங்கு கொடுத்தார். 'நிரை' என்றுதான் அந்தப் பங்குக்கு அவர் பெயர் வைத்திருந்தார். மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்குக் காலையில் ஆள் கூட்டும் பெரட்டில் ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். அதே சொல்.

முதல் நாள், முதல் மணித்தியாலத்திலேயே கதவோரம் இருந்த முதலாம் கணினி செத்துவிட்டது.

"நான் சொன்னேன், டீச்சர், அத விட்டுருவோம், ஏழோட போவோம்னு" என்று றொமேஷ் பின்னால் என்னிடம் சொன்னார். "கேட்டாங்களா? 'வராத ஆளோட நெரைய பக்கத்து ரெண்டு பேரும் பங்கு போட்டு எடுக்கலாம் சேர்'னாங்க. நான் டவுன்ல பொறந்தவன். எனக்கு என்னா தெரியும்?"

நேசராணியின் கூட்டத்தில் அது வழக்கம். ஒருத்தி மரண வீட்டுக்கோ கிளினிக்குக்கோ போய்விட்டால் அவள் நிரையை இரு பக்கத்துப் பெண்களும் எடுத்துக்கொள்வார்கள். ஒரு செடி உனக்கு, அடுத்த செடி எனக்கு. இவள் பறித்தது இவள் கூடையில், அவள் பறித்தது அவள் கூடையில். சண்டை வராது, நிரையில் கொழுந்தும் முற்றாது. பாடசாலை விடுமுறைகளில் அம்மாவோடு மலைக்குப் போன ஜெசிந்தினிக்கு அது கையில் ஊறிய பழக்கம். முதலாம் கணினியின் ஒவ்வொரு திசையிலும், உள்ளே போகும் எண்களில் இரட்டை எண்களை இரண்டாம் கணினிக்கும், ஒற்றை எண்களை எட்டாம் கணினிக்கும் கொடுத்தார். இரண்டும் தத்தம் பங்கை எண்ணின. இரண்டும் "இரண்டுக்கு மேல் இல்லை" என்றன. மற்ற நிரைகளும் அதையே சொல்லின. ஏழாவது ஞாயிறு மாலை றொமேஷ் கடையிலிருந்து கேக் வாங்கி வந்தார்.

விஷயம் ஆசிரியர் அறைக்குப் போய், கோயிலில் ஃபாதரின் அறிவித்தலில் வந்து, இளைஞர் கழகத்து நிஷாந்தின் கையில் பேனராக மாறியது.

அன்று மத்தியானம் நேசராணி றொட்டியும் கட்டாச் சம்பலும் கொடுத்தார். சாப்பிட்டு முடித்ததும் நான் கேட்டேன்.

"டீச்சர், அந்த நிரல் ஓடுறத ஒரு படம் எடுக்கலாமா? என் லேப்டொப்புல ஓட்டினாப் போதும்."

"இப்பவா? ஓட்டலாமே." பென்டிரைவை எடுத்து வந்தார். "முதல் நெரையிலேருந்து ஓட்டுவோம். பாவம், அது மட்டுந்தான் சொந்தக் கணினியில ஓடாத நெர."

என்னுடையது வேகமான கணினி. ஒவ்வொரு திசைக்கும், ஒரே விடை அதிகபட்சம் எத்தனை முறை வந்தது என்று ஒரு வரி விழுந்தது. திசை ஒன்று: இரண்டு. திசை இரண்டு: இரண்டு. மூன்று, நான்கு, ஐந்து: இரண்டு, இரண்டு, இரண்டு. நான் கைபேசியைத் தூக்கினேன்.

திசை ஆறு: நான்கு.

"உங்க லேப்டொப்பு வெளிநாட்டுலேருந்து வந்த களைப்புல இருக்கு போல" என்று டீச்சர் சிரித்தார்.

ஏழு, எட்டு, ஒன்பது, பத்து: இரண்டு. பதினொன்று: நான்கு. அவர் சிரிப்பை நிறுத்தினார். பன்னிரண்டு: இரண்டு. பதின்மூன்று: நான்கு. பிறகு திரை நிறையும்வரை இரண்டுதான்.

"மெஷின் பிழையா இருக்குமோ?" என்றேன். அப்படிச் சொல்லத்தான் எனக்குத் தோன்றியது.

ஜெசிந்தினி திரையைத் தன் பக்கம் திருப்பினார். மேசை விரிப்பின் மேல் விரலால் எழுதினார். ஆறு என்பது நாலும் ரெண்டும். பதினொன்று என்பது எட்டும் ரெண்டும் ஒன்றும். இந்தக் கூட்டலில் இரண்டிலும் உள்ள ரெண்டு ஒன்றையொன்று தின்றுவிடும். மிச்சம் நாலு, எட்டு, ஒன்று. பதின்மூன்று.

"மெஷின் பிழை விட்டா இவ்வளவு ஒழுங்கா விடாது" என்றார் மெதுவாக. "நாலு எண் சேந்து திருட்டுத்தனம் பண்ணுது. அந்த நாலுக்கும் இடையில மூணு தூரம். ஆறு, பதினொண்ணு, பதிமூணு. இது உண்மையான பிழை."

"அப்ப முதல்ல ஏன் தெரியல?"

எழுந்து குசினி வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். வாசலில் நேசராணி, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் துணியை உதறிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, பக்கத்து நெர நல்லம்மா அக்காவும் நீயும் பங்குபோட்டு எடுத்தா, அந்த ஒரு நெரையில மொத்தம் எவ்வளவு வந்துச்சுன்னு யாரு பாப்பா?"

"யாரும் பாக்கமாட்டா. என் கூடைய எனக்கு நிறுப்பாங்க, அவ கூடைய அவளுக்கு. நெரைய யாருடி நிறுக்கிறா?"

ஜெசிந்தினி அப்படியே கதவு நிலையில் சாய்ந்தார். நான்கு முறை வந்த விடை, இரட்டை எண்களில் இரண்டு முறை, ஒற்றை எண்களில் இரண்டு முறை வந்திருந்தது. இரண்டாம் கணினி தன் கூடையைப் பார்த்தது: இரண்டு. எட்டாம் கணினி தன் கூடையைப் பார்த்தது: இரண்டு. இரண்டும் உண்மைதான் சொல்லின. நிரையை யாரும் நிறுக்கவில்லை.

லேப்டொப்பு இரண்டு இரண்டாக எண்ணிக்கொண்டே இருந்தது. விஷயம் புரிந்ததும் நேசராணிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"எத்தன எடத்துல தப்பு?"

"மூணு."

"மொத்தம் எத்தன?"

"பத்து லச்சத்துக்கு மேல."

"அடியே, பத்து லச்சத்துல மூணா! பத்து செடியில மூணு செடி விட்டாலே கங்காணி கண்டுக்க மாட்டான். குடுத்துட்டு வாடி. எவன் வந்து எண்ணப் போறான்?"

"யாரும் எண்ண மாட்டாங்கம்மா. அதுதான் பயமா இருக்கு."

"பயந்தா புத்தகத்த அடுப்புலயா வைக்கிறது?"

"ஒரு திசையில தப்பினாலும் அது அந்தச் சார்பு இல்லம்மா. தொன்னூறு மார்க், எம்பது மார்க்னு இதுல இல்ல."

நேசராணி துணியை மறுபடி உதறினார். உதற அதில் ஒன்றும் இல்லை. "வளைவுல உன் படத்த வேற கட்டி வச்சிருக்கானுங்க" என்றார்.

அப்போதுதான் ஜெசிந்தினிக்கு அழுகை வந்தது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நான் கேட்ட படம்தானே இவ்வளவுக்கும் காரணம் என்று சொல்ல வாயெடுத்தேன். "நீங்க ஒண்ணும் பண்ணல தங்கச்சி" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீங்க பாக்காட்டியும் ஆறாந் திசை தப்பாத்தான் இருந்திருக்கும்."

பேராசிரியர் நல்லையாவுக்கு எங்கள் முன்னாலேயே போன் போட்டார். குசினியில் சிக்னல் இல்லை, தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். பீப்பாவின் மூடியில் போனை வைத்து ஸ்பீக்கரில் போட்டார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"ஜெசிந்தினி, அந்தச் சோதனையைச் சொல்லும் ஐந்தாம் அத்தியாயம் போய்விட்டால் உங்களிடம் என்ன இருக்கிறது?"

"சின்னப் புலத்தில எல்லாம் சரியா வருது சேர். இதுல மட்டும் விழுது. எங்க விழுது, ஏன் மூணும் சேந்து விழுதுன்னு சொல்லத் தெரியும்."

"அது போதாமல் போகலாம். பரீட்சகர்கள் திருப்பிவிடலாம். அதைத் தெரிந்துகொண்டுதான் கொடுக்க வேண்டும்."

"தெரியும் சேர்."

"இன்னொன்றும் சொல்லவேண்டும். என்னுடைய கடமை அது. இதை யாரும் ஓட்டிப் பார்க்கப் போவதில்லை."

"நான் ஓட்டிப் பாத்துட்டேனே சேர்."

பிறகு அவர், "திங்கள் நான்கு மணிக்கு முன் அலுவலகத்தில் இருக்க வேண்டும். எழுதுங்கள்" என்றார்.

லேப்டொப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஞாயிறு காலைப் பூசை முடிந்து அவர்கள் திரும்பும்போது முதல் நிரை முழுவதும் ஓடி முடிந்திருந்தது. பிழை மூன்றே மூன்று. ஜெசிந்தினி பூசைச் சேலையை மாற்றாமலே உட்கார்ந்து ஒன்பது பக்கம் எழுதினார். கடைசி அரைப் பக்கத்தில், சோதனை முதலில் எப்படித் தவறியது என்பதைச் சொன்னார். கொழுந்து, கூடை என்றெல்லாம் எழுதவில்லை. 'ஒரே திசையின் எண்ணிக்கையை இரு பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே மதிப்பிட்டது என் தவறு' என்று மட்டும்.

மூன்று மணிக்குப் பதுளையில் புவாத் நானாவின் கடையில் இருந்தோம். நானாதான் அந்த மூன்று பிரதிகளையும் கட்டியவர். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு தன் வேலையைத் தானே பார்த்துப் பார்த்து வருந்தினார்.

"என்ன டீச்சர் இது, வெள்ளிக்கிழமதானே மாப்பிள்ள மாதிரிக் கட்டிக் குடுத்தேன். எழுத்துப் பிழையா?"

"இல்ல நானா. கணக்கே பிழ."

"கணக்குப் புத்தகத்துல கணக்குப் பிழையா?" அவருக்குச் சிரிப்பு வந்தது. டீச்சரின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். "வெட்டிருவேன். ஆனா இந்தப் பொன்னெழுத்த என்ன செய்ய? சுரண்டினா தடம் நிக்கும்."

தலைப்பில் 'ஒரு புதிய குடும்பம்' என்று இருந்தது. சார்புகளின் குடும்பம். அது இப்போது பொய். நானா பழைய அட்டைகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது அட்டை கட்டினார். நீலத் துணி முடிந்துவிட்டது, பழுப்பு நிறத்தில்தான் இருந்தது. மாலை ஆறரைக்குப் பசை காயாத மூன்று புத்தகங்களையும் பலகைக்கு அடியில் வைத்து அதன் மேல் நானாவே ஏறி நின்றார்.

திங்கள் விடியற்காலைக் கண்டி பஸ்ஸில் ஜெசிந்தினி பல்கலைக்கழகத்துக்குத் தனியே போனார். மூன்று மணி பத்துக்குப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி: 'தலைப்பு மாற்றத்துக்கு வேற படிவமாம். அதுவும் நிரப்பிட்டேன்.'

அதைவிடக் கஷ்டமான வேலை ஊரில் இருந்தது. நிஷாந்தைக் கூப்பிட்டுப் பேனரைக் கழற்றச் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் நின்றேன்.

"ஏன் டீச்சர், படம் நல்லா இல்லையா? சூத்திரத்துல ஒண்ணு விட்டுப்போச்சு, தெரியும். மேல ஸ்டிக்கர் ஒட்டிரலாம்."

"சூத்திரமே சரியில்ல நிஷாந்த்."

"யாரு சொன்னா?" அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "டவுன்காரனுங்க பொறாமையில சொல்லுவானுங்க. பேரச் சொல்லுங்க, கழகத்துலேருந்து போய்ப் பேசுறோம்."

"நான்தான் சொன்னேன்."

நிஷாந்த் கொஞ்ச நேரம் அவரையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப நீங்களே கண்டுபிடிச்சு, நீங்களே பிழையும் கண்டுபிடிச்சீங்களா?"

"ஆமா."

"அதுக்கும் ஒரு பேனர் போடலாமே!"

ஜெசிந்தினி அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார். பேனர் கழன்றது. நேசராணி அதை வீணாக்கவில்லை. ஒழுகிக்கொண்டிருந்த குசினிக் கூரைத் தகரத்துக்கு அடியில் இழுத்துக் கட்டினார். எழுத்துப் பக்கம் உள்ளே. மேசையில் உட்கார்ந்து அண்ணாந்தால் டீச்சரை டீச்சரே முறைத்துக்கொண்டிருப்பார்.

ஜனவரியில் வாய்மொழிப் பரீட்சை. மூன்று பரீட்சகர்களில் இருவர் அந்தக் கடைசி அரைப் பக்கத்தைத் தவிர வேறெதையும் கேட்கவில்லையாம். ஏன் இப்படிப் பிரித்தீர்கள், யாருக்கு இப்படிப் பிரிக்கத் தோன்றும் என்று ஒருவர் கேட்க, கரும்பலகையில் ஒரு நிரை தேயிலை வரைந்து காட்டியிருக்கிறார். பட்டம் கொடுக்கவில்லை. நிராகரிக்கவும் இல்லை. 'திருத்தி மீளச் சமர்ப்பிக்க ஓராண்டு' என்று முடிவு வந்தது. சூத்திரத்தில் எந்த எண்களைப் போட்டால் அது விழுகிறது, எந்த எண்களைப் போட்டால் விழாது என்று நிறுவிக் காட்ட வேண்டும்.

"பாருங்க தங்கச்சி, இனி நீட்ட மாட்டோம்னவங்களே குடுத்த ஒரு வருஷம்" என்றார். சந்தோஷமா, கசப்பா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை பசறைக்குப் போயிருந்தேன். கணினி அறை திறந்திருந்தது. எட்டும் ஓடின. முதலாம் கணினிக்கு றொமேஷ் புதிதாக ஏதோ மாற்றியிருந்தார். ஜெசிந்தினி சூத்திரத்தின் ஒரு குணகத்தை மாற்றி மறுபடி முதலிலிருந்து எண்ண வைத்திருந்தார். பதினொரு மணிபோல் மின்சாரம் ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது. ஏழு கணினிகள் மறுபடி எழுந்தன. கதவோரம் இருந்தது எழவில்லை.

றொமேஷ் தலையில் கை வைத்தார். "சனியன். டீச்சர், பக்கத்து ரெண்டுக்கும் பங்கு போட்டுருவோமா? இந்தத் தடவ கடைசியில கூட்டிப் பாத்துக்கலாம்."

அப்படிச் செய்தால் சரியாகத்தான் வரும். டீச்சருக்கும் அது தெரியும். அவர் கறுத்துப் போன திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் சேர். அந்த நெர அப்படியே நிக்கட்டும்" என்றார். "நீங்க திருத்துங்க. அது வந்து அதுவே எடுக்கும்."

றொமேஷ் திருப்புளியைத் தேடி எழுந்தார். ஜெசிந்தினி தன் கதிரையை முதலாம் கணினிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மடியில் பழுப்பு அட்டைப் புத்தகத்தை விரித்தார்.